யூ.டி.எம்.: பெயர் மாறி, ஊர் மாறிய கல்லூரி

ஜொகூர் பாருவின் மேற்கே ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். யூ.டி.எம். என்றால்தான் பலருக்கும் புரியும். ஆனால் இது ஜொகூரில் பிறந்ததல்ல.

1904-இல் கோலாலம்பூரில், பொதுப்பணித் துறைப் பயிற்சியாளர்களுக்காகத் தொடங்கிய வகுப்பே இதன் வேர். பின்னர் அது பள்ளியாயிற்று. போருக்குப் பின், 1946-இல் தொழில்நுட்பக் கல்லூரி. 1972 மார்ச் 14 அன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்தது. 1975 ஏப்ரல் 1 அன்று இன்றைய பெயர். இடையில் மூன்றே ஆண்டுகள்! அந்தக் குறுகிய காலப் பெயரையும் வரலாற்றில் விட்டுவிடக் கூடாது.

1985-இல் தலைமை வளாகம் ஸ்கூடாய்க்கு வந்தது. கோலாலம்பூர் வளாகமும் இயங்குகிறது. அங்கே சாலைக்கும் பெயர் நிலைக்கவில்லை: கர்னி சாலை, செமாராக் சாலையாகி, இன்று சுல்தான் யாயா பெத்ரா சாலை.

ஜொகூரின் பாரிட் ராஜாவில் 1993-இல் தொடங்கிய பாலிடெக்னிக் ஆசிரியர் பயிற்சி மையமும் இப்படித்தான் படிப்படியாக வளர்ந்து, 2007-இல் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகமானது.