கம்பெனி கடல் கடந்தால் சட்டம் கரையிலேயே நின்றுவிடுமா?

வார இறுதியில் நாலு தமிழ்க் குடும்பங்கள் சாப்பாட்டுக்குக் கூடினால், கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: "கம்பெனியை வெளிநாட்டுல ரிஜிஸ்டர் பண்ணி, சர்வரை அமெரிக்காவுல வெச்சுட்டா, இந்தியாவுல யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுப்பா." சூதாட்டத் தளம், ஆபாசத் தளம் என்று பேச்சு திரும்பினால் இந்த வாக்கியம் கட்டாயம் வரும்.

இதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்ன என்பதை டெல்லியில் நடந்த ஒரு வழக்கு காட்டுகிறது. அதில் சிறைக்குப் போனவர் ஆபாசத் தளம் நடத்தியவர்கூட இல்லை!

முதலில் சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று அமலுக்கு வந்தது. நம் கதைக்கு அதில் மூன்று பிரிவுகள் முக்கியம். 67ஆம் பிரிவு, ஆபாசத்தை மின்னணு வடிவில் வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது. 75ஆம் பிரிவு, குற்றத்தில் இந்தியாவில் உள்ள கணினி சம்பந்தப்பட்டிருந்தால், செய்தவர் எந்த நாட்டவராக, எங்கே இருந்தாலும் சட்டம் பொருந்தும் என்கிறது. 85ஆம் பிரிவு, கம்பெனி செய்த குற்றத்துக்கு அதை நிர்வகித்தவர்களையும் பொறுப்பாக்குகிறது. ஆக, "வெளிநாட்டுக் கம்பெனி" என்ற யோசனைக்கு சட்டம் எழுதியவர்கள் முதல் நாளே பதில் வைத்திருந்தார்கள்.

அதைச் சோதிக்க அதிக நாள் ஆகவில்லை. 2001 டிசம்பரில் சென்னையில் ஓர் எலும்பு மருத்துவர் கைதானார். படங்களை இங்கே எடுத்து, அமெரிக்காவில் இருந்த சகோதரர் மூலம் இணையத்தில் ஏற்றினார் என்பது போலீஸ் தரப்பு. 2008 பிப்ரவரியில் விரைவு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தளம் கடல் தாண்டி இருந்தது. கேமராவும், ஆளும், பாதிக்கப்பட்டவர்களும் இங்கே இருந்தார்கள். தளம் எங்கே இருந்தது என்பது அவருக்கு உதவவில்லை.

இனி டெல்லிக்கு வருவோம்.

2004 நவம்பர் 27, சனிக்கிழமை இரவு. பாஸி.காம் என்ற ஏலத் தளத்தில் ஒரு விளம்பரம் ஏறியது. டெல்லிப் பள்ளி மாணவர்கள் இருவரின் அந்தரங்க மொபைல் வீடியோ, விலை 125 ரூபாய். போட்டவர் கரக்பூர் ஐஐடி மாணவர். ஒரு பயனர் அன்றிரவே பாஸிக்குப் புகார் அனுப்பிவிட்டார். ஆனால் விளம்பரம் நீக்கப்பட்டது திங்கட்கிழமை காலையில்தான். அதற்குள் எட்டுப் பேர் வாங்கியிருந்தார்கள்.

பாஸி மும்பையில் இயங்கிய கம்பெனி. ஆனால் அதே வருடம்தான் அமெரிக்காவின் ஈபே அதை வாங்கியிருந்தது. தலைமை நிர்வாகி அவ்னிஷ் பஜாஜ், இந்திய வம்சாவளி அமெரிக்கக் குடிமகன். விசாரணைக்கு ஒத்துழைக்க அவராகவே டெல்லி வந்தார். டிசம்பர் 17 அன்று போலீஸ் அவரைக் கைது செய்து திஹாருக்கு அனுப்பியது. நாஸ்காம் கொதித்தது, அமெரிக்க அரசும் கவலை தெரிவித்தது. டிசம்பர் 21 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போகக்கூடாது என்று நிபந்தனை.

கவனியுங்கள். தாய் கம்பெனி அமெரிக்காவில், பாஸ்போர்ட் அமெரிக்காவுடையது, வீடியோ பாஸியின் சர்வரிலேயே இல்லை (விற்றவர் மின்னஞ்சலில் அனுப்பினார்). இது எதுவும் கைதைத் தடுக்கவில்லை.

2008 மே 29 அன்று உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி எஸ்.முரளிதர், சென்னையில் வழக்கறிஞராகத் தொடங்கிய நம்மூர்க்காரர். இந்திய தண்டனைச் சட்டத்தில் கம்பெனியின் குற்றத்துக்கு இயக்குநரைத் தானாகப் பொறுப்பாக்க வழியில்லை என்று அந்தக் குற்றச்சாட்டுகளிலிருந்து பஜாஜை விடுவித்தார். ஆனால் 67, 85ஆம் பிரிவுகளின்படி வழக்கு நடக்கட்டும் என்றார்.

2012 ஏப்ரல் 27 அன்று உச்சநீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. காரணம்தான் விசேஷம்: போலீஸ் கம்பெனியைக் குற்றவாளியாகச் சேர்க்கவே இல்லை! கம்பெனியைச் சேர்க்காமல், அதன் பெயரால் நிர்வாகியை மட்டும் தண்டிக்க முடியாது என்றது நீதிமன்றம். அதே வழக்கில் சிக்கிய பாஸி மேலாளர் ஒருவர் விடுபட 2016 டிசம்பர் ஆனது. மூன்று நாள்கூட இல்லாத ஒரு விளம்பரத்துக்குப் பன்னிரண்டு வருடம்.

இந்த வழக்கின் சூட்டில் சட்டமும் மாறியது. 2009 அக்டோபர் 27 அன்று அமலுக்கு வந்த திருத்தத்தில் இடைநிலைத் தளங்களுக்கு 79ஆம் பிரிவில் தெளிவான பாதுகாப்பு கிடைத்தது. விஷயம் தெரிந்ததும் நீக்க வேண்டும் என்பது நிபந்தனை. சொந்தமாக ஆபாசத் தளம் நடத்துகிறவருக்கு இது பொருந்தாது. அவருக்கு 67ஏ வந்தது: வெளிப்படையான பாலியல் காட்சிகளுக்கு முதல் முறை ஐந்து வருடம் வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். குழந்தைகள் தொடர்பானவற்றுக்கு 67பி. சம்மதமில்லாமல் அந்தரங்க உறுப்புகளைப் படமெடுத்துப் பரப்பினால் 66இ.

அப்படியானால் உண்மையான பாதி எது? 2009 ஜூனில் ஓர் ஆபாச காமிக்ஸ் தளத்தை இந்திய அரசு தடை செய்தது. நடத்தியவர் இங்கிலாந்தில் வாழ்ந்த இந்திய வம்சாவளி இளைஞர். அவர் பெயரை வெளியிட்டுப் போராடத் தொடங்கி, சில வாரங்களிலேயே பின்வாங்கினார். காரணம் போலீஸ் இல்லை, குடும்பம். 2015 ஜூலை 31 அன்று 857 தளங்களை முடக்க உத்தரவு வந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் தளர்ந்தது. 2018இல் உத்தராகண்ட் உயர்நீதிமன்ற உத்தரவையடுத்து 827 தளங்கள் முடங்கின. பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள் வேறு முகவரியில் மறுபடி திறந்தன. இந்தியாவில் ஆள், அலுவலகம், சொத்து எதுவும் இல்லாதவருக்கு நடப்பது இவ்வளவுதான்.

நம்மில் எத்தனை பேர் அப்படி? அப்பா அம்மா மதுரையில், ஃபிளாட் வேளச்சேரியில், கையில் இந்தியப் பாஸ்போர்ட். இந்தியக் குடிமகன் உலகில் எங்கே குற்றம் செய்தாலும் இந்திய தண்டனைச் சட்டம் பொருந்தும் என்று அதன் 4ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே சொல்கிறது. வெளிநாட்டில் செய்த குற்றத்தை விசாரிக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது ஒரு தடுப்பு, அவ்வளவே. குடியுரிமை மாறியவர்களுக்கு 75ஆம் பிரிவு இருக்கிறது.

அடுத்த முறை சாப்பாட்டு மேசையில் அந்த வாக்கியம் வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "கம்பெனி அங்கே இருக்கட்டும், நீ பொங்கலுக்கு ஊருக்குப் போவியா மாட்டியா?"