வீட்டுக்கு வந்த வீடியோ கேமரா

குடும்ப நிகழ்ச்சிகளை அசையும் படமாகப் பிடித்து வைக்கும் பழக்கம் 1923இல் வேர்விட்டது. அந்த ஆண்டு அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் 16 மி.மீ. பிலிமையும் அதற்கென்றே செய்த சினி-கோடாக் கேமராவையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரைப்படத் தொழிலில் அப்போது புழங்கிய நைட்ரேட் பிலிம் பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும்; குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதை வைத்திருக்க முடியாது. புதிய பிலிமை எளிதில் தீப்பிடிக்காத அசிடேட்டில் செய்ததால்தான் படம்பிடிக்கும் வேலை வீட்டுக்குள் வர முடிந்தது. 1932இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, அதே பிலிமில் நான்கு மடங்கு படம் பிடிக்க இடம் தரும் 8 மி.மீ. முறை வந்தது. சுருளின் ஒரு பாதியில் படம் எடுத்து, அதைத் திருப்பிப் போட்டு மறு பாதியில் எடுத்து, கழுவிய பின் நடுவே நீளவாக்கில் கீறி ஒட்டிக்கொடுப்பார்கள். மங்கலான வெளிச்சத்தில் சுருளைத் திருப்பிப் போடும் இந்தத் தொல்லையை 1965இல் வந்த சூப்பர் 8 நீக்கியது. அதன் பிளாஸ்டிக் பெட்டியை அப்படியே கேமராவுக்குள் தள்ளினால் போதும்.

ஆனால் அந்த ஒரு பெட்டியில் இருந்தது 50 அடி பிலிம். நொடிக்கு 18 படம் என்ற கணக்கில் அது 3 நிமிடம் 20 நொடியில் தீர்ந்துவிடும். பெட்டிக்குள்ளேயே ஒலிப்பட்டையும் சேர்ந்து வந்தது 1973இல்தான். எடுத்ததைக் கழுவ அனுப்ப வேண்டும், காத்திருக்க வேண்டும், புரொஜெக்டரும் திரையும் வாங்க வேண்டும், அறையை இருட்டாக்க வேண்டும். கேமராவின் விலையை ஒருமுறை கொடுத்தால் முடிந்தது. பிலிமுக்கும் கழுவுவதற்கும் ஆயுள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக் கேமராவின் வரலாறு முழுவதிலும் இந்த இரண்டாவது செலவும், எடுத்ததைப் பிறருக்குப் போட்டுக்காட்டும் வசதியுமே வெற்றி தோல்வியைத் தீர்மானித்தன. படத்தின் தரம் எப்போதும் அவற்றுக்குப் பின்னால்தான் நின்றது.

காந்த நாடாவில் படத்தைப் பதியும் கருவியை ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956இல் காட்டியபோது அதன் விலை சுமார் 50,000 டாலர். தொலைக்காட்சி நிலையங்கள் மட்டுமே வாங்கின. 1967இல் சோனியின் போர்ட்டாபேக், கேமரா ஒரு கையிலும் பதிவுக்கருவி தோளிலுமாகத் தெருவுக்கு இறங்கியது. 1975இல் பீட்டாமேக்ஸ், 1976இல் ஜேவிசியின் விஎச்எஸ் ஆகிய இரண்டு கேசட் முறைகளும் வந்தபின், அவற்றைப் பதிந்து ஓட்டும் டெக் வரவேற்பறைப் பொருளாயிற்று. கேமராவையும் பதிவுக்கருவியையும் ஒரே உடலாக்கிக் காம்கார்டர் செய்வது அடுத்த வேலை.

அதில் முந்தியது சோனி. 1983இல் வந்த பீட்டாமூவி, சாதாரண பீட்டா கேசட்டையே விழுங்கிக்கொள்ளும், சுமார் இரண்டரைக் கிலோ எடையுள்ள கேமரா. படத்தை நாடாவில் எழுதும் தலைகள் சுழலும் உருளையொன்றில் பொருத்தப்பட்டிருக்கும். வீட்டு டெக்கில் அதன் விட்டம் ஏறத்தாழ 75 மி.மீ. பீட்டாமூவிக்காக அதை 45 மி.மீ. அளவுக்குச் சுருக்கினார்கள். உருளை சிறுத்ததால் கேமரா கைக்கு வந்தது. அதே காரணத்தால் எடுத்ததைக் கேமராவிலேயே ஓட்டிப் பார்க்க வழியில்லாமல் போனது. வ்யூஃபைண்டரும் வெறும் கண்ணாடித் துளைதான். பிறந்தநாள் விழா சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேசட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் டெக்கில் போட்ட பிறகே தெரியும்.

ஜேவிசி அதே சிக்கலை வேறு விதமாக அவிழ்த்தது. நாடா அதேதான், கேசட் மட்டும் உள்ளங்கை அளவு: அதுதான் விஎச்எஸ்-சி. 1984இல் வந்த ஜிஆர்-சி1 கேமராவில் உருளை 62 மி.மீட்டரிலிருந்து 41 மி.மீட்டராகச் சுருங்கியது. ஆனால் தலைகளை இரண்டிலிருந்து நான்காக்கி, நாடாவை உருளையைச் சுற்றி 270 பாகை வளைத்து ஓட்டியதால், பதிவு பெரிய டெக்கின் பதிவைப் போலவே அமைந்தது. எடுத்ததைக் கேமராவிலேயே பார்க்கலாம். பெரிய கேசட் வடிவிலுள்ள ஒரு கூட்டில் பொருத்தினால் எந்த விஎச்எஸ் டெக்கிலும் ஓடும். மிகச் சிறந்த பொறியியல் என்று சொல்லத்தக்க வேலை அது. 1985இல் வெளியான 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தில் கதாநாயகன் கையில் இருப்பது இந்தக் கேமராதான்.

அதே 1985இல் சோனியின் சிசிடி-வி8 வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஒத்துக்கொண்ட வீடியோ 8 என்ற புதிய முறையில், ஆடியோ கேசட் அளவேயான 8 மி.மீ. நாடாவில் அது பதிந்தது. படத்தை உணரும் கண்ணாடிக் குழாய்க்குப் பதில் சிசிடி சில்லு. பலமான விளக்கைக் காட்டினால் படத்தில் நெருப்புக்கோடு இழுபடும் குறை அதனால் நீங்கியது. விஎச்எஸ்-சி கேசட்டில் 20 முதல் 30 நிமிடம்தான். இதிலோ ஒன்றரை மணி நேரம். ஒலியையும் சுழலும் தலைகளே பதிந்ததால், நாடாவின் ஓரத்தில் ஒலியை எழுதிய விஎச்எஸ்-சியைவிடப் பேச்சு தெளிவாகக் கேட்டது. பாட்டியின் குரல் புரிய வேண்டும் என்று கருதுகிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல. இருந்தும் பலர் விஎச்எஸ்-சியையே வாங்கினார்கள். கேசட்டை மாமா வீட்டுக்கு எடுத்துப்போய் அவருடைய டெக்கிலேயே போட்டுவிடலாம். வீடியோ 8 என்றால் கேமராவையும் வயரையும் சுமந்துபோக வேண்டும்.

1989இல் சோனியின் டிஆர்55 பாஸ்போர்ட் அளவு என்ற விளம்பரத்தோடு வந்தது. 790 கிராம் எடையுள்ள கேமரா பயணப் பைக்குள் இடம்பிடித்தது. 1992இல் ஷார்ப் நிறுவனத்தின் வ்யூகேம், துளைக்குள் ஒரு கண்ணை அழுத்திப் பார்க்கும் முறையை மாற்றி, பின்புறத்தில் 4 அங்குல வண்ணத் திரையை வைத்தது. எடுத்ததை அங்கேயே நாலு பேர் கூடி நின்று பார்த்துச் சிரிக்க முடிந்தது அதற்குப் பிறகுதான்.

தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் இவற்றைச் சொந்தமாக வாங்கியவர்கள் சிலரே. 1982 டெல்லி ஆசிய விளையாட்டை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி பரவியது. கேமராவோ இறக்குமதித் தீர்வையால் எட்டாக்கனி. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த உறவினர் கையோடு கொண்டுவந்தால் உண்டு, இல்லையேல் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேச வேண்டும். ஆகவே குடும்ப வீடியோ என்பது இங்கே கல்யாண வீடியோக்காரர் கைக்குப் போனது. பேனசோனிக்கின் எம்3000, எம்9000 போன்ற தோள் கேமராக்கள் முழு அளவு விஎச்எஸ் கேசட்டை ஏற்றன. மூன்று மணி நேர கேசட்டைப் போட்டால் முகூர்த்தம் முடியும்வரை கவலையில்லை. அன்றைய கேமராக்களுக்கு மண்டபத்து ட்யூப்லைட் போதாது. உதவியாள் ஒருவர் நீண்ட வயரோடு ஹாலஜன் லைட்டைத் தூக்கிப் பிடிப்பார். ஓமப்புகையில் ஏற்கெனவே கலங்கிய மாப்பிள்ளையின் கண் அந்த வெளிச்சத்தில் இன்னும் கூசும். பிறகு மிக்சிங்கில் சினிமாப் பாட்டு ஏறும். தாலி கட்டும் நேரத்து உறவினர் பேச்சு, அழுகை, கிண்டல் எல்லாம் அந்தப் பாட்டுக்கடியில் புதைந்துபோயின. இன்று அந்த கேசட்டுகளைப் பார்ப்பவர்களுக்குப் பெரிய இழப்பு இதுதான்.

1983 இனக்கலவரத்துக்குப் பின் உலகெங்கும் சிதறிய ஈழத்தமிழருக்கு வீடியோ கேசட் கடிதத்தின் வேலையைச் செய்தது. கல்யாணம், சாமத்தியச் சடங்கு, செத்தவீடு என எல்லாமே கேசட்டாகத் தபாலில் போயின. அங்கேதான் வாங்கும்போது யாரும் விசாரிக்காத ஒரு விஷயம் குறுக்கே நின்றது. இலங்கையும் இந்தியாவும் பிரிட்டனும் 625 கோடும் நொடிக்கு 25 படமும் கொண்ட பால் முறை, கனடாவும் அமெரிக்காவும் 525 கோடு, 30 படம் கொண்ட என்டிஎஸ்சி, பிரான்ஸ் செகாம். டொரோண்டோவில் எடுத்த கேசட் யாழ்ப்பாணத்தில் ஒரே முறை மட்டும் தெரிந்த டெக்கில் சரியாக ஓடாது. மூன்று முறைகளும் ஓடும் மல்டி சிஸ்டம் டெக் வைத்திருக்க வேண்டும், அல்லது கடையில் காசு கொடுத்து மாற்ற வேண்டும். மாற்றிய ஒவ்வொரு பிரதியும் முந்தையதைவிட மங்கலாகியது.

பிரதி மங்கும் குறையை 1995இல் வந்த டிஜிட்டல் வீடியோ, சுருக்கமாக டிவி (DV), முறை தீர்த்தது. படம் எண்களாகப் பதிவானதால் எத்தனை முறை பிரதி எடுத்தாலும் மாறாது. சோனியின் விஎக்ஸ்1000 தொழில்முறைப் படக்காரர்களையும் கவர்ந்தது. குடும்பங்களுக்குத் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய மினி டிவி கேசட் போதுமானதாக இருந்தது. ஃபயர்வயர் என்ற ஒற்றை வயரில் கேமராவைக் கணினியோடு இணைக்கலாம். 1999 அக்டோபரில் ஆப்பிள் தன் ஐமேக் டிவி கணினியோடு ஐமூவி மென்பொருளையும் கொடுத்தபின் வெட்டி ஒட்டும் வேலை சாப்பாட்டு மேசைக்கு வந்தது. ஒரு மணி நேர டிவி பதிவுக்கு சுமார் 13 ஜிபி இடம் வேண்டும். அந்தக் கணினியின் வட்டோ 10 ஜிபி. அதே ஆண்டு சோனி கொண்டுவந்த டிஜிட்டல் 8, பழைய 8 மி.மீ. கேசட்டிலேயே எண் முறையில் பதிந்தது. அதில் பல மாடல்கள் பழைய வீடியோ 8 கேசட்டுகளையும் அதன் மேம்பட்ட வடிவமான ஹை8 கேசட்டுகளையும் ஓட்டின. பழைய நாடாக்களைக் கணினிக்கு ஏற்ற அவை இன்றும் தேடி வாங்கப்படுகின்றன.

2000க்குப் பிறகு விலை வேகமாக இறங்கியது. சில ஆண்டுகளில் மினி டிவி கேமரா சுமார் 300 டாலருக்குக் கிடைத்தது. ஆனால் அந்த விலைக்காக எவற்றைக் கழற்றினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சில்லு ஆறில் ஒரு பங்கு அங்குலமாகச் சுருங்கியதால், மாலை நேரத்து வீட்டுக்குள் படம் புள்ளி புள்ளியாகக் கலங்கியது. வெளி மைக்கைச் செருகும் துளை காணாமல் போனது. கேசட் கதவு அடிப்பக்கம் போனதால், முக்காலியிலிருந்து கேமராவைக் கழற்றாமல் கேசட் மாற்ற முடியவில்லை. குழந்தையின் நடனம் பாதியில் இருக்கும்போது இது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அட்டைப்பெட்டியின் மேலோ நூற்றுக்கணக்கான மடங்கு டிஜிட்டல் ஸூம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. லென்ஸ் அசைந்து பெரிதாக்குவதே மெய்யான ஸூம். டிஜிட்டல் ஸூம் என்பது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி இழுத்துக் காட்டுவது. பயன்படாத எண்ணைப் பெரிதாக எழுதி, பயன்படும் மைக் துளையைச் சத்தமின்றி எடுத்தது வாங்குவோருக்குச் செய்த நியாயமல்ல.

2005 ஏப்ரல் 23 அன்று யூடியூபில் முதல் வீடியோ ஏறியது. விலங்குக்காட்சி சாலையில் யானைகளின் முன் ஒருவர் பேசும் 19 நொடிப் படம். நாடாவில் எடுத்ததை வலையில் ஏற்ற, முழு நீளத்துக்கும் ஓடவிட்டுக் கணினியில் பதிந்து, பிறகு சுருக்க வேண்டியிருந்தது. இந்த இடைவெளியில் நுழைந்தது ப்யூர் டிஜிட்டல் நிறுவனம். அது 2007இல் விற்ற ஃப்ளிப் கேமராவில் நடுவே ஒரு சிவப்புப் பொத்தான், உள்ளே மெமரி, பக்கவாட்டில் தள்ளினால் வெளியே நீளும் யுஎஸ்பி முனை. சுமார் 150 டாலர். 640×480 அளவுப் படம். மெய்யான ஸூம் கிடையாது, கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஏற்பாடும் கிடையாது. ஆனால் எடுத்ததைச் சில நிமிடங்களில் உலகுக்குக் காட்டலாம். அதைவிடத் தரமான நாடா கேமராக்கள் அதன் முன் நிற்கவில்லை. கோடாக் 2009இல் வெளியிட்ட ஸீஐ8 இன்னும் ஒரு படி மேலே போய், அதே விலைப் பிரிவில் மைக் துளையைத் திருப்பித் தந்தது. வலையில் பேசிப் படம் போட்டவர்கள் அதைக் கொண்டாடியதில் வியப்பில்லை.

சிஸ்கோ நிறுவனம் 2009இல் ஃப்ளிப்பை 59 கோடி டாலர் பங்குகளுக்கு வாங்கியது. அதே ஆண்டு ஐபோன் 3ஜிஎஸ் வீடியோ எடுக்கத் தொடங்கியது. அதற்கு யுஎஸ்பி முனைகூடத் தேவைப்படவில்லை. 2011 ஏப்ரலில் சிஸ்கோ ஃப்ளிப்பை மூடிவிட்டது.

குறுகிய காட்சிகளைச் செல்போன் எடுத்துக்கொண்டபின், நீண்ட நிகழ்ச்சிகள் காம்கார்டர் பக்கமே நின்றன. இரண்டு மணி நேர அரங்கேற்றத்தை அரங்கின் கடைசி வரிசையிலிருந்து எடுக்க, நெடுந்தூர ஸூமும் இடையில் நிற்காத பதிவும் சூடாகாத உடலும் வேண்டும். ஸ்டில் கேமராக்களில் பல நெடுங்காலம் 29 நிமிடம் 59 நொடியில் நின்றுவிட்டன. 30 நிமிடத்துக்கு மேல் பதியும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமராவாகக் கருதிச் சுங்கம் விதித்ததே அதற்கு முக்கியக் காரணம். காம்கார்டருக்கு அந்தக் கட்டுப்பாடு இருந்ததில்லை.

கடைசியாக வந்த மலிவு காம்கார்டர்களில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 2015இல் வந்த சோனி சிஎக்ஸ்405இல் 30 மடங்கு மெய்யான ஸூம் உண்டு. யுஎஸ்பி வயர் கைப்பட்டைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மைக் துளை இல்லை. 2017இல் வந்த கேனன் எச்எஃப் ஆர்800இல் 32 மடங்கு ஸூமும் மைக் துளையும் உண்டு. பேச்சும் பாட்டும் முக்கியமான வீட்டுக்கு இரண்டாவதே ஏற்றது. இவற்றின் விலையில் பாதிக்கும் குறைவாக, 4கே என்ற எழுத்தோடு இணையக் கடைகளில் நிறையும் கேமராக்களில் பலவற்றுக்கு அசையும் லென்ஸே கிடையாது. அவற்றின் 16 மடங்கும் 18 மடங்கும் 2000களின் அட்டைப்பெட்டிகளில் அச்சிடப்பட்ட அதே டிஜிட்டல் ஸூம்தான்.