பாடப் பட்டியலுக்குள் ஒரு பதின்வயதுக்காரி

அமெரிக்கப் பள்ளிகளில் எதை இலக்கியமாகப் படிப்பது என்பதை நெடுங்காலம் முடிவுசெய்தவை கல்லூரிகளே. 1870களில் ஹார்வர்டு தன் நுழைவுத் தேர்வுக்கு ஷேக்ஸ்பியர், கோல்ட்ஸ்மித், ஸ்காட் என்று பட்டியல் போட்டது. பள்ளிகள் அதன் வழியே போயின.

அந்தக் கோட்டைக்குள் 1967இல் புகுந்தது 'தி அவுட்சைடர்ஸ்'. டல்சா நகரத்து எஸ்.இ.ஹின்டன் பள்ளியில் படிக்கும்போதே எழுதிய நாவல். வெளியானபோது அவருக்கு வயது 18. பையன்களின் கும்பல் சண்டையை ஒரு பெண் எழுதினாள் என்றால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்று பதிப்பகம் முன்னெழுத்துகளை மட்டும் அச்சிட்டது. அதை எழுதிய ஆண்டில் படைப்பெழுத்துப் பாடத்தில் அவர் வாங்கியது 'டி' கிரேடு!

மெதுவாக விற்ற அந்த நூலைத் தூக்கி நிறுத்தியவர்கள் வகுப்பாசிரியர்கள். கலிஃபோர்னியாப் பள்ளி ஒன்றின் நூலகரும் மாணவர்களும் அதைப் படமாக்கச் சொல்லி எழுதிய கடிதம்தான் இயக்குநர் கொப்போலாவை அசைத்தது; 1983இல் படம் வந்தது.

பழைய பட்டியல் லேசில் அசையவில்லை. 1989இல் ஆர்தர் ஆப்பிள்பீ வெளியிட்ட ஆய்வில், பொதுப்பள்ளிகள் அதிகம் கற்பித்த பத்து நூல்களில் பெண் எழுதியது ஹார்பர் லீயுடையது ஒன்றே. முன்வரிசையில் ஷேக்ஸ்பியர்.

வேடிக்கை என்னவென்றால், ஹின்டனின் நாவலுக்குள்ளேயே ராபர்ட் ஃப்ராஸ்டின் கவிதை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சண்டைக் கதைக்காகப் புத்தகத்தை எடுத்த மாணவர்கள் ஃப்ராஸ்டையும் சேர்த்தே படித்தார்கள்.