விளிம்பில் ஓர் உலகம்

நிலவற்ற இரவில் வானின் குறுக்கே மங்கிய வெண்பட்டையாகத் தோன்றுவதை நம் முன்னோர் ஆகாய கங்கை என்றனர். நாம் பால்வெளி என்கிறோம். பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் குடியிருக்கும் அப்பேரூரில் நம் கதிரவனும் ஒருவன். அவனுடைய வீடு அவ்வூரின் எப்பகுதியில் உள்ளது என்னும் கேள்விக்கு விடை கிடைத்து ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதிரவன் பால்வெளியின் நடுவிற்கு அருகில் இருப்பதாகவே வானியலார் பலர் எண்ணினர். அமெரிக்க வானியலார் ஹார்லோ ஷாப்லி 1918இல் இவ்வெண்ணத்தை மாற்றினார். உருண்டைவடிவ விண்மீன் கொத்துகள் தனுசு ராசியின் திசையில் மிகுந்திருப்பதை ஆராய்ந்து, பால்வெளியின் நடுவிடம் அத்திசையில் வெகுதொலைவில் உள்ளதெனக் காட்டினார். அத்தொலைவு ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுகள் என இன்று அறிகிறோம். தலைநகரில் குடியிருப்பதாக எண்ணியிருந்த மனிதன், தான் புறநகர்வாசி என்று உணர்ந்த காலம் அது.

புனைகதையாசிரியர்கள் இப்புதிய நிலப்படத்தை விரைவிலேயே தமதாக்கிக்கொண்டனர். வேதியியலாளர் ஐசக் அசிமோவ் எழுதி 1942இல் வெளிவரத் தொடங்கிய 'ஃபவுண்டேஷன்' கதைகளில் பால்வெளி முழுவதுமே ஒரு பேரரசு. உரோமைப் பேரரசின் வீழ்ச்சி குறித்துக் கிப்பன் எழுதிய வரலாறே அவற்றிற்கு வித்து. நடுவிடத்தை ஒட்டிய தலைநகர்க் கோளான டிரான்டார், பேரரசின் வீழ்ச்சியோடு சூறையாடப்படுகிறது. உலோக வளமற்ற விளிம்புக் கோளான டெர்மினஸோ அறிவையும் தொழில்திறனையும் மூலதனமாகக் கொண்டு நிமிர்கிறது.

விருதுநகர் மாவட்டத்தார்க்கு இக்கதை அந்நியமானதன்று. மழை பொய்க்கும் சிவகாசியிலிருந்து 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும், லேபிள்கள் அச்சிட்டுத் தேர்ந்த அச்சுத் தொழிலும் வளர்ந்தன. அந்த அச்சு நகரில்தான் 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் பிறந்தன. இங்கிலாந்தின் சித்திரக்கதைகளிலிருந்து வந்த இரும்புக்கை மாயாவியும், இயந்திர மனிதன் ஆர்ச்சியும் இங்கே தமிழ் பேசினர். தமிழ்ச் சிறுவர் பலருக்கு அறிவியல் புனைகதையின் கதவைத் திறந்துவிட்டது இந்தக் கரிசல் சீமைதான்.

பட்டாசுக்கும் பால்வெளிக்கும் வேறோர் உறவும் உண்டு. வாணவேடிக்கையில் ஸ்டிரான்சியம் சிவப்பு ஒளி தரும். 2018இல் உச்ச நீதிமன்றத்தால் தடை செய்யப்பட்ட பேரியம் பச்சை ஒளி தரும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளிவரிகளைக் காட்டும் என்பதை 1860ஆம் ஆண்டளவில் கிர்க்காஃபும் புன்சனும் நிறுவினர். விண்மீன்களில் உள்ள பொருள்களை வானியலார் படித்தறிந்தது இவ்வழியாகத்தான். ஸ்டிரான்சியமும் பேரியமும் விண்மீன்களுக்குள் உருவானவை என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே, மருந்து கலக்கும் தொழிலாளியின் விரல்களில் ஒட்டியிருப்பது விண்மீன்களின் எச்சமே.

அவ்விரல்கள் கொடுக்கும் விலையை நாம் மறத்தலாகாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பின்னும் விபத்துகள் தொடர்ந்துள்ளன. பிறர் வானத்தை ஒளிரச் செய்வோரின் இல்லங்கள் இருளடைகின்றன.

பேரரசர்களையும் விண்கப்பல் தலைவர்களையும் முன்னிறுத்தும் பால்வெளிக் கதைகளில், கப்பலுக்கு எரிபொருள் கலந்தவர் பெரும்பாலும் பெயரின்றியே போகிறார். விளிம்பில் வாழும் நாம் அவருடைய பக்கத்திலிருந்து கதை சொல்ல முடியும். இரவல் நாயகர்களுக்குத் தமிழ் கற்பித்த சிவகாசி, தீப்பெட்டி ஒட்டி வளர்ந்த தன் மகள் ஒருத்தியை விண்மீன்களுக்கிடையே அனுப்பி, அவள் கதையையும் அச்சேற்றட்டும். பால்வெளியில் நாம் இருக்கும் இடம் ஓரமே. உலகைக் காண அந்த இடம் போதும்.