அல்லி அல்லாத லில்லி

லில்லி என்னும் ஆங்கிலச் சொல்லைக் கண்டவுடன் அல்லி என்று பெயர்த்துவிடும் வழக்கம் தமிழில் உண்டு. ஒலி ஒத்திருப்பதே இதற்குக் காரணம். ஆயின் அல்லி நீர்ப்பூ, லில்லி நிலப்பூ. இவ்விரண்டிலும் சேராத ‘டே லில்லி’யும் அப்பெயரைச் சுமந்து நிற்கிறது. இதனை ஒருநாள் மலர் எனலாம்.

இதன் அறிவியற்பெயர் ஹெமரோகாலிஸ். லின்னேயசு 1753இல் வெளியிட்ட நூலில் இப்பெயர் இடம்பெற்றது. கிரேக்கத்தில் ஹெமெரா என்பது பகல். கல்லோஸ் என்பது அழகு. ஒரு பூ ஒரு நாளே வாழும்; அரும்புகள் அடுத்தடுத்து விரிவதால் செடியோ பல வாரம் பூத்து நிற்கும். உண்மை லில்லிக்குச் செதில் பொருந்திய குமிழ்க்கிழங்கு உண்டு. இதற்கோ சதைப்பற்றுள்ள வேர்களே உள.

இதன் பிறந்தகம் ஆசியா. சீனர் இதனைக் கவலை மறக்கச் செய்யும் செடியென்றும் தாயின் மலரென்றும் போற்றினர். சில இனங்களின் அரும்பை உலர்த்திப் ‘பொன்னூசி’ எனச் சமைப்பர். 16ஆம் நூற்றாண்டில் இச்செடி ஐரோப்பாவில் வளர்க்கப்பட்டது. பின்னர் அமெரிக்காவில், நியூயார்க் தாவரவியல் தோட்டத்து அறிஞர் ஸ்டவுட் கலப்பினங்கள் பல கண்டு, 1934இல் தனிநூலும் வெளியிட்டார். பூந்தண்டு 12 அங்குலத்திற்குக் குறைவாயின் அது குட்டை வகை. யப்லோன்ஸ்கி என்பாரின் ‘ஸ்டெல்லா டி ஓரோ’ 1975இல் பதிவுபெற்ற புகழ்மிக்க குட்டை வகையாகும்.

முன்பு மீனவர் சிற்றூரும் ரப்பர்த் தோட்டமும் இருந்த செங்காங், இன்று அடுக்குமாடி நகர். அங்கே மண்சட்டிக்கு உகந்தது குட்டை வகையே. ஆயினும் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் வகைகள், குளிரில்லாச் சிங்கப்பூரில் நாளடைவில் நலியும். ‘ஸ்டெல்லா’வும் அவ்வகையினதே. என்றும் இலையுடன் நிற்கும் வகையே இங்கு ஏற்றது. நாளொன்றுக்கு ஆறு மணிநேர வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். வேர்த்தலை ஓர் அங்குலத்திற்கு மேல் புதைதல் ஆகாது. தூர் பெருத்தால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து நடுதல் வேண்டும்.

பெயர்க்குழப்பத்தால் உயிருக்கும் கேடு விளையும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் மலர்ப்பட்டியலின் தலைப்பூவாகிய காந்தளும் ஆங்கிலத்தில் லில்லியே. அதன் கிழங்கிலுள்ள கொல்சிசின் மனிதரைக் கொல்லவல்லது. பொன்னூசியும் லில்லி, காந்தளும் லில்லி என்று கொண்டால் உணவும் நஞ்சும் ஒன்றாகிவிடும். ஒருநாள் மலரும் உண்மை லில்லியும் பூனையின் சிறுநீரகத்தை அழிப்பவை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க 2024 முதல் இசைவு உண்டாகையால், இதனையும் மாடியில் தோட்டமிடுவோர் மறத்தலாகாது.

எனவே அல்லியை அல்லியென்றும், காந்தளைக் காந்தளென்றும், ஒருநாள் மலரை அப்பெயராலுமே வழங்குதல் நன்று. வகுப்பறையில் பயிலும் சரியான பெயர் வீட்டில் காவலாகவும் நிற்கும்.