பாடுவோர் வாயில் தேடி வந்த ஒலிக்கூடம்

இன்று கொல்கத்தா எனப் பெயர் வழங்கும் இக்கல்கத்தா மாநகரில் குடியேறி வாழும் தமிழராகிய நாம், ஊருக்குச் சென்றால் இந்நகரின் இலக்கியத்தைப் புகழ்கிறோம். துர்கா பூசையைப் புகழ்கிறோம். இரசகுல்லாவையும் மறவாமல் கையோடு கொண்டு செல்கிறோம். ஆயினும் இந்திய மண்ணில் இசைத்தட்டுக்காக முதன்முதல் பாடல்கள் பதிவான ஊர் இதுவே என்பதை நம்மில் பலர் நினைப்பதில்லை. அவ்வாறு தொடங்கிய ஒலிப்பதிவுக்கலை, இன்று ஒருவர் தோளில் மாட்டிச் செல்லும் பைக்குள் அடங்கிவிட்டது. ஒரு மடிக்கணினி, இரண்டு ஒலிவாங்கிகள், செங்கல் அளவினதாகிய ஓர் இணைப்புப் பெட்டி, ஒரு காதணி ஒலிபெருக்கி. இவ்வளவே ஓர் ஒலிக்கூடம். எந்த நிறுவனத்தையும் சாராத தனி இசைவாணர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அதனை விரித்துப் பாட்டைப் பதியலாம். அங்கேயே அதனைச் சீர்படுத்திக் கலவை செய்யவும் செய்யலாம்.

எந்திரம் கனமாக இருந்த காலத்தில் பாடுவோர் எந்திரத்தைத் தேடி நடந்தனர். அது இலேசாகிய பின் எந்திரம் பாடுவோரைத் தேடி நடந்தது. இம்மாற்றத்தை வெறும் வசதிப் பெருக்கம் என்று நான் கருதவில்லை. யாருடைய பாட்டு பதிவாக வேண்டும், அது எவ்வாறு ஒலிக்க வேண்டும், பதிந்த பாட்டு யாரிடம் தங்க வேண்டும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லும் உரிமை இதனால் கைமாறியது.

1902-ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கெய்ஸ்பர்க் என்பார் கப்பலேறிக் கல்கத்தா வந்து சேர்ந்தார். பதிவுக்கருவியையும் மெழுகுத் தட்டுகளையும் உடன் கொண்டு வந்து, ஓட்டல் அறையொன்றையே ஒலிக்கூடமாக மாற்றிக்கொண்டார். நவம்பர் 8 அன்று கிளாசிக் தியேட்டர் நாடக அரங்கைச் சேர்ந்த சசிமுகி, பணிபாலா என்னும் இரு இளநங்கையர் பாடினர். மூன்று நாள் கழித்து நவம்பர் 11 அன்று கௌஹர் ஜான் பாடினார். குலமகளிர் எந்திரத்தின் முன் பாடுவதை இழுக்கு என்று கருதிய அக்காலத்தில், நாடக மேடையினரும் கணிகையருமே துணிந்து முன்வந்தனர் என்பதை ஈண்டு நன்றியோடு குறிப்பிடல் வேண்டும். சுமார் ஆறு வாரங்களில் 500-க்கும் மேற்பட்ட பதிவுகள் எடுக்கப்பட்டன. மெழுகுத் தட்டுகள் கப்பல் வழியே செருமனியின் ஹனோவர் நகருக்குச் சென்று, அங்கே தட்டுகளாக அச்சாகித் திரும்பின. அங்குள்ள தொழிலாளர் பாடியவரை அடையாளம் காணும் பொருட்டுக் கௌஹர் ஜான் ஒவ்வொரு பாடலின் முடிவிலும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். மைசூர் அரசவைக் கலைஞராகி 1930-இல் அங்கேயே மறைந்த அவ்வம்மையாரின் பெயர் இன்றும் நம் காதில் விழுகிறது. அன்று உடன் வாசித்த சாரங்கிக்காரர், தபேலாக்காரர் பெயர்களைக் கூறுவார் இல்லை.

அந்நாளில் ஒலிவாங்கி கிடையாது. பெரியதொரு குழலின் வாய்க்குள் முகத்தை நீட்டிப் பாட வேண்டும். ஓசை மிக்க கருவியை வாசிப்பவர் பின்னே தள்ளி அமர்வார். மெல்லிய கருவிக்காரர் முன்னே நெருங்குவார். ஒலிக்கலவை என்று இன்று நாம் கூறும் வேலை அன்று மனிதர்களை நகர்த்தி உட்கார வைப்பதாகவே இருந்தது. ஒரு பக்கத்திற்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். இராகம் அதற்குள் அடங்கியாக வேண்டும். எவர் எங்கே அமர்வது, எப்போது நிறுத்துவது என்பவற்றை எல்லாம் வெள்ளைக்காரர் முடிவு செய்தார். பாடியவருக்கு அதில் சொல் இல்லை.

இதற்கு ஒரு விலக்கும் இந்நகரிலேயே தோன்றியது. 'குந்தலீன்' என்னும் கூந்தல் தைலம் விற்றுப் பொருள் ஈட்டிய ஹேமேந்திர மோகன் போஸ், மெழுகுருளையில் பதியும் போனோகிராப்பைக் கையில் எடுத்தார். தட்டுப் பதிவுக்கருவியை விட உருளைக்கருவி எளியது, சிறியது; பதிந்தவுடன் கேட்கவும் தக்கது. சுதேசி இயக்கம் கொழுந்துவிட்ட 1906-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரவீந்திரநாத தாகூரின் குரலை அவர் அவ்வாறு பதிந்தார். அவ்வுருளைகளில் பெரும்பாலன அழிந்தன. எனினும் போஸின் வீட்டில் ஒலிக்கலை நிலைத்தது. அவருடைய மக்களுள் நிதின் போஸ் திரைப்பட இயக்குநராகவும், முகுல் போஸ் நியூ தியேட்டர்ஸில் ஒலிப்பதிவாளராகவும் விளங்கினர். 1935-இல் வெளிவந்த 'பாக்ய சக்ரா' படத்தில் பாட்டைத் தனியே பதிந்து படத்தோடு பின்னர் இணைக்கும் முறையை அவர்கள் கையாண்டனர்.

1925-க்குப் பின் மின்சார ஒலிவாங்கி வந்தது. பதிவு தெளிவடைந்தது, ஒலிக்கூடம் மேலும் பெரிதாயிற்று. நாட்டுப்புறத்துப் பாடகர் அதன் வாயிற்படியை மிதிப்பது அரிதாயிற்று. அவர்களைத் தேடிச் சென்றவர்கள் வேறு வகையினர். ஆலந்து நாட்டு அறிஞர் ஆர்னால்டு பாகே 1925-இல் சாந்திநிகேதன் வந்து, தாகூரின் பாடல்களைத் தாமே கற்றுப் பாடியவர். 1930-களின் தொடக்கத்தில் உருளைக்கருவியைச் சுமந்துகொண்டு வங்காளத்துச் சிற்றூர்களில் பாவுல்களையும் சந்தால் மக்களையும் பதிந்தார். 1938-இல் தமிழகம், கேரளம், கருநாடகம் ஆகிய பகுதிகளிலும் நாட்டுக் கலைகளைப் பதிந்தும் படம் பிடித்தும் சென்றார். அவர் செய்த தொண்டு பெரிது. ஆயினும் அப்பதிவுகள் பெர்லினிலும் இலண்டனிலும் உள்ள காப்பகங்களில் போய்ச் சேர்ந்தன. பாடியவரின் பேரனுக்குத் தன் பாட்டனார் குரல் கடல்கடந்த நாட்டில் இருப்பதுகூடத் தெரியாது.

பின்னர் ஒலிநாடா வந்தது. காசியில் பிறந்த வங்காளியான தேவன் பட்டாச்சார்யா 1954 முதல் ஒலிநாடாக் கருவியோடு பாவுல்களை நாடிச் சென்றார். 1967-இல் பூர்ணதாஸ் பாவுல் குழுவினர் அமெரிக்கா சென்றபோது, உட்ஸ்டாக் அருகே 'பிக் பிங்க்' என்னும் வீட்டின் நிலவறையில் கார்த் ஹட்சன் என்னும் இசைவாணர் அவர்களைப் பதிந்தார். அதே ஆண்டில் பாப் டிலனும் நண்பர்களும் பாடிப் பதிந்த அதே நிலவறை அது. பெருநிறுவனத்துக் கூடத்தைத் துறந்து, வீட்டு நிலவறையே போதும் என்று அந்த அமெரிக்கர் துணிந்த இடத்தில் வீர்பூம் மாவட்டத்து ஏகதாராவும் ஒலித்தது.

தனி இசைவாணர் கையில் கலவையும் வந்து சேர்ந்தது 1979-இல். டியாக் நிறுவனம் '144' என்னும் 'போர்ட்டாஸ்டுடியோ'வை அவ்வாண்டு வெளியிட்டது. கடையில் கிடைக்கும் சாதாரணக் காசெட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியலாம். பின்னர் ஒவ்வொன்றின் ஒலியையும் கூட்டிக் குறைத்து ஒன்றாக்கலாம். முதலில் கிதாரைப் பதிந்து, அதனைக் கேட்டவாறே பாட்டைப் பாடி, மூன்றாவதாக இன்னொரு குரலையும் சேர்க்கலாம். ஒருவரே ஒரு குழுவாகிவிடுகிறார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 சனவரியில் நியூ செர்சியில் உள்ள தம் வீட்டுப் படுக்கையறையில் இக்கருவியில் பதிந்த பாடல்கள், குழுவினருக்குக் காட்டுவதற்கான மாதிரி என்றே எண்ணப்பட்டன. பெரிய ஒலிக்கூடத்தில் மீண்டும் பதிந்து பார்த்தபோது அந்த உயிர் வரவில்லை. சட்டைப்பைக்கு அடங்கும் அக்காசெட்டே அதே ஆண்டில் 'நெப்ராஸ்கா' என்னும் இசைத்தட்டாக வெளிவந்தது.

காசெட்டில் ஒரு குறையுண்டு. நான்கு தடங்களும் நிரம்பிவிட்டால் மூன்றை ஒன்றாக்கி நான்காவதில் ஏற்றி, காலியானவற்றில் மேலும் பதிய வேண்டும். அவ்வாறு ஏற்றும்தோறும் நாடாவின் இரைச்சல் பெருகும். ஒன்றாக்கிய மூன்றையும் மறுபடி பிரிக்க இயலாது. எண்முறைப் பதிவு இக்குறையைத் தீர்த்தது. ஒலியலையை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதி வைப்பதால் படியெடுத்தாலும் தேய்மானம் இல்லை. 1996-இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட 'வி.எஸ். 880' என்னும் பெட்டியில் பதிவு, கலவை, எதிரொலிச் சேர்க்கை யாவும் ஒன்றாயின. எட்டுத் தடங்கள் ஒருசேர ஒலிக்கும். மாற்றுப் பதிவுகளை வைத்துக்கொள்ள 64 தடங்கள் உண்டு. தவறினால் முன்னிருந்த நிலைக்கே திரும்பலாம். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஒலிக்கூடத்தில் நடுங்கிப் பாடிய இளைஞருக்கு, பத்து முறை பிழைபட்டாலும் காசு செலவாகாது என்னும் அமைதி இதனால் கிடைத்தது. இதனை எந்திரத்தின் முதற்பயன் என்பேன். அதன்பின் மடிக்கணினி அப்பெட்டியின் இடத்தையும் பிடித்துக்கொண்டது.

பல தடப் பதிவு தனியொருவருக்கு வரம். பாவுல் கூட்டத்திற்கு அது பெரும்பாலும் இடையூறே. பாவுல் ஒரு கையில் ஏகதாராவை மீட்டி, இடுப்பில் கட்டிய துக்கியைத் தட்டி, காற்சலங்கை ஒலிக்க ஆடிக்கொண்டே பாடுகிறார். இவற்றை நான்காகப் பிரித்து, காதில் கருவியை மாட்டி, ஒவ்வொன்றாகப் பதிந்தால் நான்கு நல்ல ஒலிகள் கிடைக்கும், பாட்டு கிடைக்காது. ஆதலின் நுட்பம் அறிந்தோர் இரண்டே ஒலிவாங்கிகளைத் தக்க தொலைவில் நிறுத்தி, பாடகரையும் தோதாராக்காரரையும் இடமறிந்து அமரச் செய்கின்றனர். 1902-இல் குழலின் முன் நடந்த வேலையும் இதுவே. ஆனால் இன்று பதிந்த உடனே பாடகர் கேட்கிறார். "என் குரல் மெலிந்து ஒலிக்கிறது, நான் இன்னும் நெருங்கி அமர்கிறேன்" என்று அவரே சொல்ல முடிகிறது.

நம் இல்லங்களிலும் நலங்குப் பாட்டும் தாலாட்டும் அறிந்த முதிய தாய்மார் இருக்கிறார்கள். அவர்களைப் பதிய இப்போது கைப்பேசியே போதும். பதிவோர் பாடியவர் பெயர், பிறந்த ஊர், நாள் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லச் செய்தல் நலம்.

பெயர் என்பது சிறு செய்தியன்று. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடகருக்கும் வாசிப்பவருக்கும் தனியுரிமை 1994-இல் செய்த திருத்தத்தால்தான் சேர்ந்தது. நிகழ்த்தியவர் இன்னார் என்று குறிக்கப்பெறும் உரிமை 2012-இல் வந்தது. கௌஹர் ஜான் தம் பெயரை உரக்கச் சொல்லி 110 ஆண்டுகள் ஆன பிறகு!

பாகேயின் பதிவுகளும் ஒருவாறு வீடு திரும்பின. அவருடைய மாணவரான நசீர் ஜெய்ராஸ்பாய், ஏமி காட்லினுடன் 1984-இல் தென்னாட்டு ஊர்களுக்கு மீண்டும் சென்று அக்கலைகளின் அந்நாளைய நிலையை ஆராய்ந்தார். வங்காளத்தில் பாடகி மௌசுமி பௌமிக்கும் ஒலிப்பதிவாளர் சுகாந்த மஜும்தாரும் 2003 முதல் 'டிராவலிங் ஆர்க்கைவ்' என்னும் பெயரால் கையடக்க எண்முறைக் கருவிகளுடன் ஊர் ஊராகச் சென்று வருகின்றனர். பாடியவர் பெயரும் இடமும் அந்நாளைய சூழலும் ஒவ்வொரு பதிவோடும் எழுதி வைக்கப்படுகின்றன. பாகே மெழுகுருளையில் ஏற்றிக்கொண்டு போன பாடல்களை அவர்கள் அப்பாடல்கள் பிறந்த ஊர்களுக்கே எடுத்துச் சென்று, அவ்வூர் மக்கள் கேட்குமாறு மீண்டும் ஒலிக்கச் செய்தனர்.