ஐந்து மணி மரத்தின் நிழல்

நண்பகலில் பந்திங் நகரத்தில் காரை நிறுத்துகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கடை வாசலிலேயே இடம் காலியாக இருக்கும். ஆனாலும் தள்ளியிருக்கிற மரத்தடிக்குத்தான் வண்டி போகும். "கொஞ்சம் நடந்தா பரவாயில்ல, சீட்டு சுடாம இருந்தா போதும்" என்பார்கள். அந்த நிழலை யார் நட்டார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை, வரலாறு படிப்பிக்கும் நாமும்தான்.

தூங்குமூஞ்சி மரத்தை எடுத்துக்கொள்வோம். மாலையானால் இலையை மடித்துக்கொள்ளும். அதனால் தமிழில் அந்தப் பெயர். மலாய்க்காரர்கள் 'புகுல் லிமா', அதாவது ஐந்து மணி மரம், என்கிறார்கள். இரண்டு மொழியும் ஒரே குணத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கின்றன. மரமோ நம் ஊருடையது அல்ல. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவுக்கு வந்தது. தைப்பிங்கில் ஈயம் தோண்டிச் சீரழிந்த நிலம் 1880-களில் பூங்காவானது. அங்கே ஏரிக்கரையில் நின்ற இந்த மரங்களின் கிளைகள் இன்று சாலையைத் தாண்டித் தண்ணீரைத் தொடுகின்றன. கோலாலம்பூர் ஏரிப் பூங்காவுக்கு 1888-இல் யோசனை சொன்னவர் ஆல்ஃபிரட் வென்னிங் என்ற அதிகாரி. நட்டவர்கள் யாரும் முழு நிழலைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் தாத்தா பாட்டிகளுக்குக் கிடைத்தது ரப்பர் நிழல். அது பாலுக்காக நட்ட மரம், நிழலுக்காக அல்ல. பிப்ரவரி, மார்ச்சில், வெயில் ஏறும் நேரம் பார்த்து, இலையைக் கொட்டிவிடும்! பிறகு செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயம் போனது, லயத்து வேப்பமரமும் போனது.

வெயில் மட்டும் போகவில்லை. 1998 ஏப்ரலில் பெர்லிஸ், சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் பதிவானது. நாட்டின் உச்சம் அதுதான். 2016 ஏப்ரலில் வெப்பத்தால் பெர்லிசிலும் கெடாவிலும் பள்ளிகளையே மூடினார்கள். தார்ச்சாலையும் சிமெண்டுத் திடலும் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் வெளியிட்டுக்கொண்டிருக்கும். மரம் அந்த வெயிலைத் தரையில் விழாமல் தடுக்கிறது. இலை வழியாக நீராவி விட்டுக் காற்றையும் குளிர்விக்கிறது. குடையால் முதல் வேலையைத்தான் செய்ய முடியும்.

மரத்தைக் கண்டு பயமும் இருக்கிறது. 2024 மே மாதம் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் இறந்தார். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் 'எதுக்கு வம்பு' என்று எல்லாவற்றையும் வெட்டினால், அதே அளவு நிழலுக்கு இன்னும் ஐம்பது வருடம் காத்திருக்க வேண்டும். ஆபத்தான மரம் எது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். வெட்டுகிற ஆள் மட்டும் போதாது.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 1995-இல் செய்த திருத்தப்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை ஊராட்சித் துறையின் அனுமதியின்றி வெட்டக்கூடாது. பட்டுப்போன, ஆபத்தான மரங்களுக்கு விலக்கு உண்டு. இந்தச் சட்டம் சிலாங்கூரிலும் நடப்பில் உள்ளது. பந்திங்கிற்கு கோல லங்காட் நகராண்மைக் கழகம்.

சென்ற ஆண்டு என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைச் சபைகூடல் திடல் ஓரம் நிற்கும் மரத்துக்கு அழைத்துப் போனேன். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் தையல் நாடாவைச் சுற்றினோம். நாடா 150 சென்டிமீட்டர், போதவில்லை. "சார், இத நட்டது யாரு?" என்றான் ஒருவன். பள்ளிப் பழைய படங்களைத் தேடினோம். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில், ஆசிரியர்கள் வரிசைக்குப் பின்னால், மூங்கில் வேலிக்குள் இடுப்புயரக் கன்று ஒன்று நிற்கிறது.